உரிமையும் வாயிலும்: பிரிட்டனின் பல் மருத்துவப் பணி தரும் பாடம்

(பொது நிர்வாகம் பயிலும் மாணவர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய உரை)



சட்டம் மக்களுக்கு ஓர் உரிமையை வழங்குவது ஒன்று. அவ்வுரிமையைப் பெறுவதற்கு ஒரு வாயில் திறந்திருப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே எத்துணை இடைவெளி ஏற்படக்கூடும் என்பதை பிரிட்டனின் பல் மருத்துவப் பணியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். பல்வலி உயிருக்கு உடனே ஊறு செய்வதன்று. ஆனால் உண்ணவும் உறங்கவும் வேலைக்குச் செல்லவும் விடாத வலி அது. ஏழையையும் செல்வனையும் அது ஒன்றுபோல் வருத்தும். அதற்குத் தீர்வு தேடும் வழியில்தான் வேறுபாடு தோன்றுகிறது.

பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி 1948 ஜூலை 5 அன்று தொடங்கிற்று. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் தலைமையில் உருவான அத்திட்டத்தில் பல் மருத்துவமும் இலவசமாக இடம்பெற்றது. பல ஆண்டுகளாகப் பொறுத்திருந்த மக்கள் பெருந்திரளாக வந்தனர். செலவு மதிப்பீட்டை மிஞ்சியது. 1951-இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அதனை ஏற்காத பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். 1952-இல் பல் சிகிச்சைக்கும் ஒரு பவுன் கட்டணம் வந்தது. ஆயினும் இன்றைய இடர்ப்பாடு கட்டணத்தால் மட்டும் விளைந்ததன்று. கட்டணம் செலுத்தச் சித்தமாக இருப்பவருக்கும், குழந்தைகள், கருவுற்ற தாய்மார் போன்று கட்டண விலக்குப் பெற்றவருக்கும்கூட மருத்துவர் கிடைப்பதில்லை என்பதே குறை.

இதன் காரணத்தை அறிய, அங்குள்ள ஏற்பாட்டை அறிதல் வேண்டும். பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் அல்லர். சொந்த மருத்துவ நிலையம் நடத்தி, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பணிபுரிபவர்கள். அரசுப் பணியை எவ்வளவு ஏற்பது, தனியார் முறையில் எவ்வளவு செய்வது என்பது அவர்கள் விருப்பம். 1992-இல் அரசு ஊதிய வீதத்தைக் குறைத்தபோது பலர் தனியார் முறைக்குத் திரும்பினர்.

2006 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அது இரண்டு மாறுதல்களைக் கொணர்ந்தது. முதலாவது, நோயாளியை ஒரு மருத்துவரிடம் பதிவு செய்யும் முறை நீக்கப்பட்டது. எடுத்துக்கொண்ட சிகிச்சை முடிந்தவுடன் மருத்துவரின் கடமையும் முடிந்துவிடும். அதன்பின் இந்நோயாளி என் பொறுப்பு என்று சொல்ல எவரும் இல்லை. இரண்டாவது, பணியை 'அலகு' கொண்டு அளக்கும் முறை வந்தது. பரிசோதனைக்கு ஓர் அலகு. பல் அடைத்தல், பிடுங்குதல் ஆகியவற்றிற்கு மூன்று. பொய்ப்பல் போன்ற பெரும் பணிகளுக்குப் பன்னிரண்டு. ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பற்களை அடைத்தாலும் மூன்று அலகுதான்.

இதன் விளைவைச் சற்றே சிந்தியுங்கள். ஆறு மாதத்திற்கு ஒரு முறை வந்து செல்லும் நோயாளியின் வாயில் செய்ய வேண்டிய வேலை குறைவு. பல ஆண்டுகளாக மருத்துவரைக் காணாத புதிய நோயாளியின் வாயிலோ வேலை மிகுதி. ஊதியம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எவருக்குச் சிகிச்சை மிகவும் தேவையோ, அவரே நிலையத்திற்கு நட்டமாகிறார். ஒப்பந்தம் செய்த அலகுகளில் 96 விழுக்காட்டை எட்டாத நிலையம் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. இதனால் ஒருபுறம் மக்கள் மருத்துவரைத் தேடி அலைய, மறுபுறம் ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்புகிறது. 2022 நவம்பரில் மூன்றோ அதற்கு மேலோ பற்களை அடைப்பதற்கு ஐந்து அலகு என்று திருத்தம் செய்தனர், அடிப்படை மாறவில்லை.

இனி, நோயாளி செய்ய வேண்டுவது யாது? எந்த ஊர் நிலையத்தையும் அவர் அணுகலாம். எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அரசு வெளியிடும் பட்டியலில் எந்த நிலையம் புதியவரை ஏற்கிறது எனப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள தகவல் பழையதாயிருப்பதும் உண்டு. 2022-இல் பி.பி.சி. நிறுவனமும் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கமும் விசாரித்தபோது, பத்தில் ஒன்பது நிலையங்கள் புதிதாக வரும் வயதுவந்தோரை ஏற்கவில்லை எனத் தெரிந்தது. 2004-இல் ஸ்கார்பரோ நகரிலும், இருபது ஆண்டு கழித்து 2024-இல் பிரிஸ்டல் நகரிலும், புதிதாகத் திறந்த ஒரே நிலையத்தின் முன் மக்கள் தெருவில் நீண்ட வரிசையில் நின்றனர். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதன்மையான காரணம் பற்சொத்தை. தடுத்திருக்கக்கூடிய நோய் அது என்பதை நினைவிற் கொள்க.

புதிய நோயாளியை ஏற்கும் நிலையத்திற்கு ஊக்கத்தொகை தரும் முறை 2024 மார்ச்சில் வந்தது. அதன்பின்னும் புதிய நோயாளிகளின் எண்ணிக்கை உயரவில்லை. சற்றுக் குறைந்ததாகவே 2025-இல் பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கண்டது. மேலும், அரசு ஒதுக்கும் பணி இரண்டாண்டுக் காலத்தில் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே போதுமானது என்றும் அக்குழு கூறிற்று. பாதிப் பேருக்கான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அனைவருக்கும் உரிமை என்று அறிவித்தால், வரிசையில் முந்தியவருக்கே உரிமை என்றாகிவிடும். பதிவு முறை மட்டும் இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்காட்லாந்தில் 2010 முதல் பதிவு வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். அங்கும் புதியவருக்குப் பல நிலையங்கள் இடம் தருவதில்லை.

நமது நாட்டிற்கு இதில் என்ன உள்ளது? பிரிட்டன் தன் பணியைத் தொடங்கிய அதே 1948-இல்தான் இங்குப் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. 2014-இல் தேசிய வாய்நலத் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையளவில் அளிக்க வேண்டிய விரிவான சேவைகளில் அடிப்படை வாய்நலமும் சேர்க்கப்பட்டுள்ளது. நம் அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுப் பெற்றவரைப் புதியவர் என்று எவரும் திருப்பி அனுப்புவதில்லை. இது சிறிய நன்மை அன்று. ஆனால் அந்த வாயில் கிராமத்திற்கு எட்டாத தொலைவில் இருக்கலாம். நாற்காலி இருந்தும் கருவி பழுதாகி இருக்கலாம். காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கி அனுப்புவதோடு பணி முடியலாம்.

ஆகவே, நாளை மாவட்டங்களில் பொறுப்பேற்க இருக்கும் உங்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். எத்தனை நிலையங்கள் திறந்தோம், எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்தோம் என்ற கணக்கு அறிக்கையில் எப்போதும் இருக்கும். வந்து திரும்பியவர் எத்தனை பேர், வர இயலாதவர் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். பணிக்கு ஊதியமோ இலக்கோ வகுக்கும்போது, மிகுந்த நோயுடன் வருபவரை ஏற்பவருக்கு அது நட்டத்தைத் தருகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பிரிட்டனில் அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேளாததன் விலையை, இன்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பல்வலியோடு காத்திருப்பவர் செலுத்திக்கொண்டிருக்கிறார்.