இரண்டு சுற்றுப் போதும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



நூற்புத் துறையில் படித்தவன் நூலைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் இது மீன் பிடிக்கிற நூல்!

மேல்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன் நான். அருகே வார்ஃப் என்றோர் ஆறு. அதில் ட்ரவுட் மீன் உண்டு. நம் நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலத்தில் பொரிப்பகம் அமைத்து வளர்த்தார்களே, அந்த மீனின் உறவுக்காரன். புழு கோர்க்காமல், பட்டுநூலாலும் இறகாலும் பொய் ஈ கட்டி அதைப் பிடிப்பது யார்க்‌ஷயரில் பழைய கலை. பிரிட் என்பவர் 1885-லேயே இதற்குப் புத்தகம் போட்டிருக்கிறார்.

எனக்குக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. பொருள்கள் மூன்றே மூன்று: 14-ஆம் எண் தூண்டில் முள், மெழுகு தடவிய ஆரஞ்சுப் பட்டுநூல், நம் ஊர்க் கவுதாரிக்கு ஒன்றுவிட்ட உறவான பறவையின் பழுப்புப் புள்ளி இறகு ஒன்று. நூலை முள்ளின் தண்டில் இழையோடு இழை ஒட்டச் சுற்றி உடம்பாக்க வேண்டும். தலைப்பக்கம் இறகைக் கட்டிச் சுற்றி முடிச்சுப் போட்டால் தீர்ந்தது.

நான் விடுவேனா? நூற்பு படித்தவனாச்சே! இறகை ஆறு சுற்றுச் சுற்றி, பாத்திரம் கழுவும் பிரஷ் மாதிரி ஒன்றைக் கட்டி நீட்டினேன். பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் என்னுடையதையும் தன்னுடையதையும் போட்டு அசைத்தார். என்னுடையது விறைத்து நின்றது. இரண்டே சுற்றுச் சுற்றிய அவருடையது பூச்சியின் கால் போல மூடி மூடி விரிந்தது. “இரண்டு சுற்றுப் போதும், தம்பி. மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும்” என்கிற பொருளில் ஏதோ சொன்னார்.

விஷயம் இதுதான். ஆற்றின் அடியில் வளரும் பூச்சிகள் சிறகு முளைத்துப் பறக்க மேலே ஏறி வரும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அவை தத்தளிக்கும் நேரத்தில் ட்ரவுட் கவ்வும். மென்மையான இறகு அந்தத் தத்தளிப்பைக் காட்டும். ஈயை ஆற்றின் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டத்தோடு போக விட வேண்டும். கயிறு இறுகும்போது ஈ வளைந்து மேலே எழும். மீன் பெரும்பாலும் அங்கேதான் வரும். அப்போது வெடுக்கென்று இழுத்தால் போச்சு!

அந்த நாட்களில் என் மகன் என்னோடு பேசுவதில்லை. ஜவுளிப் பொறியியல்தான் படிக்க வேண்டும், இன்ன கல்லூரியில்தான் சேர வேண்டும், இத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நான் சுற்றிய சுற்றுகள் ஆறல்ல, அறுபது. அவன் பாட்டு வாத்தியார் ஆகப் போகிறேன் என்று வீட்டை விட்டுப் போய்விட்டான். டம்ளரில் விறைத்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஈ ஞாபகம் வரவில்லை, அவன் ஞாபகம்தான் வந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதில் அறிவுரை எதுவும் எழுதாமல், நான் கட்டிய ஈ ஒன்றை மட்டும் வைத்து அனுப்பினேன். வந்தான். ஆற்றங்கரையில் அரை நாள் பேசாமல் நின்றோம். ஒரு மீன் கிடைத்தது. அதை அவன்தான் நீரில் விட்டான்.

இப்போது என் கண் மங்கிவிட்டது. அங்கே ட்ரவுட் பருவம் மார்ச் 25-இல் தொடங்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் அவனிடமிருந்து தொலைபேசி வரும்: “அப்பா, பட்டுநூல் இருக்கா? நான் வந்து கட்டித் தரேன்.”

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் கையிலும் ஆட்கள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள். சுற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள்.