திடலில் ஓடிய பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆனார்கள்?

பள்ளிப் பருவத்தில் விளையாட்டில் சிறந்து விளங்கியவர்கள் பின்னாளில் என்ன சாதித்தார்கள்? இதுதான் இந்த மன்றத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு.

நம் வீடுகளில் வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. மூன்றாம் படிவம் வரை பிள்ளை ஓடலாம், பந்து விளையாடலாம். எஸ்.பி.எம். ஆண்டு வந்துவிட்டால், "ஓடினது போதும். ஓடினால் சோறு கிடைக்குமா?" என்று காலணியை எடுத்து மூட்டை கட்டி வைத்துவிடுவோம். அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல வரவில்லை. கேட்பவர் பெற்றவர், பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

டாக்டர் மணி ஜெகதீசன் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. நம் கணக்கில் நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்கும் வயது. அதன் பிறகு ஓட்டத்தை விட்டாரா? இல்லை. படிப்பை விட்டாரா? அதுவும் இல்லை. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றார். 'பறக்கும் டாக்டர்' என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017இல் கைருல் ஹபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடும் வரை, ஏறக்குறைய 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. பின்னாளில் அவர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும், சுகாதார அமைச்சின் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார்.

அதே பேங்காக் 100 மீட்டரில் அவருக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர் சிங்கப்பூரின் சி.குணாளன். ஆசியாவின் முதல் இரண்டு இடங்களும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்த இருவருக்குக் கிடைத்த நாள் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

குணாளன் சிறு வயதிலிருந்தே ஓட்டக்காரராக வளர்ந்தவர் அல்லர். பந்து விளையாடியவர். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில்தான் விரைவோட்டத்துக்கு வந்தார். மெக்சிகோவில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். 2001இல் யு.கே.ஷியாம் 10.37 விநாடியில் ஓடும் வரை, 33 ஆண்டுகள் சிங்கப்பூரில் அதை யாரும் முறியடிக்கவில்லை. ஆசிரியராக இருந்த குணாளன், பிறகு உடற்கல்வி விரிவுரையாளராகி ஆசிரியர்களை உருவாக்கினார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி. மலேசியாவின் தேசிய விளையாட்டு விருது 1966இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது ஆண்களில் ஜெகதீசனும், பெண்களில் எம்.ராஜமணியும் அதைப் பெற்றார்கள். பேங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற ராஜமணி, காவல் துறையிலும் பணியாற்றினார். பெண் பிள்ளை அரைக்கால் சட்டை அணிந்து ஓடினால் ஊர் என்ன பேசும் என்று அஞ்சிய காலம் அது!

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பீர்களா? அலோர் ஸ்டாரில் பிறந்த எஸ்.சிவசங்கரியைப் பாருங்கள். ஸ்குவாஷ் ஆடிக்கொண்டே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2022இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு வரை அடிபட்டது. மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது எது? திடலா, புத்தகமா என்று ஒன்றை மட்டும் இவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. கால் ஓடியபோது கல்வியோ தொழிலோ கூடவே வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாவட்ட அளவில் கோப்பை வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் படிப்பைக் கைவிட்டு ஓட்டத்தை மட்டும் நம்பினார்கள். முப்பது வயதுக்குள் விரைவோட்டக்காரனின் கால் தளரத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஒரு காயம் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அப்போது கையில் ஒரு தொழில் இல்லையென்றால், பதக்கம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கிடக்கும். பிள்ளை வேலை தேடி அலைவான். ஆகவே படிப்பை விடு என்று நான் சொல்லவே மாட்டேன்.

பெற்றோர்களே, ஐந்தாம் படிவத்தில் பயிற்சியைக் குறைக்க வேண்டுமானால் குறையுங்கள், அறவே நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள். டியூஷன் நேரத்தைப் பயிற்றுநரிடம் சொல்லி, இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஒரு புள்ளியில் இடம் கை நழுவும் போட்டியில், அந்தப் பத்து சிறியதா?

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. கோப்பைகளைத் துடைத்து அடுக்கினால் மட்டும் போதாது. அவற்றை வென்ற முன்னாள் மாணவர்களை விளையாட்டுப் போட்டி நாளன்று அழைத்து வாருங்கள். மருத்துவரானவர் வரட்டும், வாழ்க்கையில் தடுமாறியவரும் வரட்டும். இருவர் சொல்வதையும் நம் பிள்ளைகள் கேட்கட்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். தெரிந்தால் மட்டும் போதாது. தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் நாம். ஓடுகிற பிள்ளை படிக்கட்டும்; படிக்கிற பிள்ளை ஓடட்டும்.