பின்வளவில் அண்ணாந்து பார்த்தபோது

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கனடாக் கிளையினர் நடத்திய மதிய விருந்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் தங்கை ரெலிபோன் எடுத்து, "அக்கா, பள்ளிக்கூடக் கதை எல்லாரும் கதைப்பினம், நீங்கள் வேறை ஏதாவது பேசுங்கோ" என்றார். அதனால் நான் பிராந்துகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதற்குள்ளும் பள்ளிக்கூடக் கதை ஒன்று இருக்கிறது.

நான் இருப்பது ஹமில்ரன் நகரின் கிழக்குப் பக்கம். வீட்டுக்கு வடக்கே ஒன்ராறியோ ஏரி, தெற்கே நயாகரா மலைச்சரிவு. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பிராந்துகளும் கழுகுகளும் மார்ச் மாதம் தொடங்கி வடக்கே திரும்புகின்றன. ஓயாமல் சிறகடித்துப் பறந்தால் அவை களைத்துவிடும். வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும்பும் காற்றில் சுழன்று சுழன்று மேலே போய், பிறகு சறுக்கிக்கொண்டு முன்னேறும். வசந்தத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் குளிர். அதன் மேல் அந்தக் காற்று எழும்பாது. ஆகவே ஏரியைக் கடக்க மனமில்லாமல் தென்கரையோரமாக மேற்கே வந்து, ஹமில்ரன் முனையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகும். அந்த வழிக்கு நேர் கீழேதான் எங்கள் பின்வளவு. வீடு வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

வந்த முதல் ஏப்ரலில் அம்மாவும் நானும் பாத்தி கொத்திக்கொண்டிருந்தோம். நாரியை நிமிர்த்தி மேலே பார்த்த அம்மா, "பிள்ளை, சுத்துது. உள்ளுக்கு வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நானும் ஏன் என்று கேட்காமல் ஓடினேன். கதவடியில் நின்ற பிறகுதான் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

1990இல் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விமானம் வட்டமிடத் தொடங்கினால் குண்டு விழப்போகிறது என்று அர்த்தம். ஹெலியா, பொம்பரா, சகடையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவோம். எந்தப் பக்கம் திரும்புகிறது, பதிகிறதா, விலகுகிறதா என்று பார்த்துத்தான் பங்கருக்குள் ஓடுவோம். வேறு எந்தப் பாடத்திலும் நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. கனடா வந்து பல வருடங்களாக நான் வானத்தைப் பார்க்கவில்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வீட்டுக்காரர், நாங்கள் ஓடியதைக் கண்டிருக்க வேண்டும், வேலிக்கு மேலால் பைனாகுலரை நீட்டினார். பார்த்தேன். காகத்தின் அளவான பிராந்துகள், வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டிகள், வெள்ளைச் சிறகுக்குக் கறுப்புக் கரை. புறோட் விங் என்றார். மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இருந்து கூட்டமாக வருபவை. எண்ணினேன்; 31 வரை எண்ணிக் கைவிட்டேன்.

அதன் பிறகுதான் விளங்கியது, இதுவும் நாங்கள் முன்பே படித்த படிப்புத்தான் என்று. நிறத்தைத் தேடாதீர்கள், உயரத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். உருவத்தையும் பறக்கும் விதத்தையும் பாருங்கள். சிறகை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறிகாரரைப் போல அங்கும் இங்கும் ஆடிச் சரிந்து வந்தால் அது ரேர்க்கி வல்ச்சர். பெரிய பலகை ஒன்று மிதப்பது போல நேராக இருந்தால் வெண்தலைக் கழுகு. சிறகு முழங்கையில் மடங்கினாற்போல இருந்தால் மீன் பிடிக்கும் ஒஸ்பிறே. நாலைந்து தரம் படபடவென்று அடித்து, பிறகு சறுக்கி, திரும்பவும் அடித்தால் சிறிய வல்லூறு. சிவப்புவால் பிராந்து வருடம் முழுவதும் இங்கே உண்டு. பெருந்தெரு விளக்குக் கம்பங்களில் குந்தியிருப்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல்.

வெண்தலைக் கழுகைப் பற்றி ஒரு வார்த்தை. டீ.டீ.ரீ. மருந்தால் அவற்றின் முட்டைக் கோது மெலிந்து உடைந்தது. 2013இல் ஹமில்ரனின் கூற்ஸ் பரடைஸ் சதுப்பு நிலத்தில் இரண்டு குஞ்சுகள் பொரித்தபோது, ஒன்ராறியோ ஏரியின் கனடாக் கரையில் அது 50 வருடங்களுக்கு மேலாக நடக்காத காரியம்.

பார்க்க விரும்பினால் தெற்குக் காற்று வீசும் நாளில், காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில் பாருங்கள். வெறும் நீல வானத்தில் கண் பிடிபடாது. வெள்ளை முகிலின் கரையோரமாகத் தேடுங்கள். பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. வளவு இல்லாதவர்கள் கிறிம்ஸ்பி நகரில் மலைமேல் உள்ள பீமர் பூங்காவுக்குப் போகலாம். அங்கே தொண்டர்கள் மார்ச் 1 தொடக்கம் மே 15 வரை ஒவ்வொரு நாளும் நின்று எண்ணுகிறார்கள். கேட்டால் பொறுமையாகக் காட்டித் தருவார்கள்.

இப்போது அம்மாவுக்கு 83 வயது, கண் புகைச்சல். "தூக்கிப் பிடிக்குதோ, பலகை மாதிரியோ?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல அவர் பெயரைச் சொல்லுவார். அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனால் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால் இன்றைக்கும் உள்ளே போய்விடுவார். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகிறது அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஏப்ரல் மூன்றாம் கிழமை அந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். சாய்மனைக் கதிரை நாலு இருக்கிறது. பைனாகுலர் இரண்டுதான், ஒன்று அம்மாவுடையது, அதை மட்டும் கேட்காதீர்கள்.