சுரமானியும் யாழும்

(நூற்றாண்டு விழாவில் வவுணதீவுப் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சுவாமி விபுலானந்தரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை கட்டியவர்கள்தானே நாங்கள்! துறவி, பண்டிதர், பேராசிரியர் எல்லாம் நமக்குத் தெரியும். அவருக்குள் இருந்த விஞ்ஞான வாத்தியாரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தார்; இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் எடுத்தார். 1924இல் துறவு பூண்ட பின்னும் அந்தப் படிப்பை அவர் கைவிடவில்லை. 1936இல் சென்னையில் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

ஆனால் அவருடைய விஞ்ஞான மனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் யாழ் நூலைத்தான் திறக்க வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் சில வரிகளுக்குப் பொருள் தேடப் புறப்பட்டவர், கணக்கில் போய் நின்றார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு ஐந்தாவதான இளி பிறக்கும். பாட்டு சொல்வதையும் நரம்பு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறைந்துபோன ஒரு கருவியைக் கண்ணீரால் மீட்க முடியாது, அளவால் மீட்கலாம் என்று நம்பினார். அவருடைய முடிபுகள் சிலவற்றைப் பின்வந்த இசை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அது அவருக்குக் குறைவில்லை என்பது எங்கள் எண்ணம். கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்ததால்தானே அவர்களால் திருப்பிப் போட்டுப் பார்க்க முடிந்தது!

1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியது. யூலை 19இல் சுவாமி மறைந்தார். கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்தா வித்தியாலய வளவில் துயில்கிறார்.

இனி எங்கள் கதை. வலையிறவுப் பாலத்தடியில் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் பள்ளிக்கு வந்த காலம் அது. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் கேட்டபோது, “படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கலைப்பிரிவு போதும்” என்றார் ஒருவர். பேர் வேண்டாம். எங்களில் இருவர் மட்டும் பிடிவாதம் பிடித்தார்கள். அவர்களும் சுரமானியைப் படமாக வரைந்தார்களே தவிரத் தொட்டதில்லை. இத்தனைக்கும் அடுத்த அறையில் ஒரு வீணை இருந்தது. அதன் தந்தியில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்குந்தான்.

ஆகையால் எங்கள் அணி சேர்த்த பணத்தில் இரண்டு சுரமானிகள் வாங்கியிருக்கிறோம். ஒன்று இந்தப் பள்ளியின் ஆய்வுகூடத்துக்கு. மற்றது வவுணதீவில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு. பௌதிகவியல் ஆசிரியையும் சங்கீத ஆசிரியையும் சேர்ந்து முதல் பாடத்தை நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீணையைப் பாலம் கடத்திக் கொண்டுவர ஒரு வான் மட்டும் வேண்டும். கணவன்மாரிடம் வான் வைத்திருக்கும் சகோதரிகள், தேநீர் இடைவேளையில் எங்களைச் சந்தியுங்கள்.