பழைய வேகக் காரின் மெய்விலை

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, குன்றுகள் சூழ்ந்த பகுதியில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. 'வெதுரு' என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். 'குப்பம்' தமிழர்க்கு நன்கு பழகிய சொல். பெயரிலேயே இரு மொழிகளும் கைகோத்து நிற்கும் அவ்வூரில்தான் நம் தமக்கையார் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். சாறு ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி மாந்தோப்பு ஒன்று அவர்களுடைய ஜீவனம். நாமோ இருபது ஆண்டுகளாகத் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து வருகிறோம். ஒரு மொழிக் காகிதத்தை மற்றொரு மொழிக் காகிதமாக்குகிற நமக்கும் மோட்டார் எஞ்சினுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவை ஏற்படுத்தியவன் நம் தமக்கையாரின் மகன்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாமா, தில்லியில் ஒரு செடியா விலைக்கு வந்திருக்கிறது. இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். நீங்கள் போய்ப் பார்த்து, இருபத்தையாயிரம் முன்பணம் கொடுத்துவிடுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்" என்றான். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். பதில் இல்லை. மறுநாள் தமக்கையாரே பேசினார்: "தம்பி, என் வளையல்களை வங்கியில் வைத்திருக்கிறேன். பிள்ளை ஆசைப்படுகிறான். நீ பார்த்துச் சொன்னால் சரி" என்றார். அந்தக் கடைசிச் சொல்லின் சுமை நம் தலையில் இறங்கிற்று.

அவன் ஆசைப்பட்டதில் வியப்பில்லை. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் நடத்திய தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. அதற்கு அடுத்த தலைமுறையான செடியா 2006இல் வந்தது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட அவ்வண்டி நம் நாட்டு ராலிப் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓடிப் பெயர் பெற்றது. மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஐகான் 1.6 காரையும், 2000ஆம் ஆண்டையொட்டி வந்த ஹோண்டா சிட்டி வி-டெக் காரையும் இன்றும் தேடி அலைவோர் உண்டு. சாதாரணக் காரின் விலை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகும். இவ்வகை வேகக் கார்களோ ஓர் அளவுவரை இறங்கி, அங்கே நின்றுவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ளவை அருகிப் போகப் போக, மீண்டும் ஏறவும் செய்கின்றன. புதிதாக வாங்க முடியாத பொருளுக்கு ஆர்வலர் வைக்கும் விலை அது. ஆனால் அந்த விலை நன்றாகப் பேணப்பட்ட வண்டிக்கே உரியது. பேணப்படாத வண்டியும் அதே விலையைக் கேட்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதல்நாள் நாம் தனியே சென்று வண்டியைப் பார்த்தோம். கருநிறம், கண்ணாடிபோல் மின்னிற்று. கிலோமீட்டர் மானி 62,000 காட்டியது. ஒரு சுற்று ஓட்டிக் காட்டியபோது, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நாற்பது வயது கடந்த நமக்கே நெஞ்சு துள்ளிற்று. முன்பணத்தை எடுக்கக் கை சட்டைப் பைக்குப் போயிற்று. தமக்கையாரின் வளையல்கள் நினைவுக்கு வந்திராவிட்டால் கொடுத்துவிட்டே திரும்பியிருப்போம்.

கரோல் பாகில் ஒரு சந்தில், ஆரணிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து பட்டறை நடத்தும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரை மறுநாள் அழைத்துச் சென்றோம். அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. முதலில் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடாக்கி வைத்திருக்கிறார்கள் சார். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நாளை விடியற்காலையில், கிளப்பாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் குளிரில் எஞ்சின் கிளம்பியதும் சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தது. நீலப் புகை என்றால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கிறது என்று பொருள். கரும்புகை பெட்ரோல் மிகுதியாகப் போவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னரும் ஓயாத வெண்புகை, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் புகுவதன் அறிகுறி. இம்மூன்றையும் எவரும் பணச் செலவின்றிக் கண்டறியலாம். அடுத்து மேஸ்திரி மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை எடுத்துக் கதவுகளில் வைத்தார். மூன்று கதவுகளில் ஒட்டியது. நான்காவதில் வழுக்கி விழுந்தது. அங்கே தகட்டின்மேல் கனமாகப் புட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். டயர்களின் பக்கவாட்டில் 3114 என்ற எண் இருந்தது. 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர் என்பது அதன் பொருள். ஏழாண்டு நெருங்கிய ரப்பர்! பூ தேயாமல் இருந்தாலும் வேகத்தில் நம்பத்தக்கதன்று.

எஞ்சினை அவர் படித்தார். காகிதத்தை நாம் படித்தோம். டேஷ்போர்டுப் பெட்டியில், கையேட்டின் அடியில், மடிந்து கிடந்தது 2016ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்புப் பில் ஒன்று. அதில் எழுதியிருந்த கிலோமீட்டர் 1,08,000. ஐந்தாண்டுக்குப் பின் அதே வண்டி 62,000 காட்டுகிறது! கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததும், ஸ்டியரிங் பளபளத்ததும் அப்போதுதான் நமக்குப் புரிந்தன. மானியைத் திருப்பலாம், மனிதன் மிதித்த இடத்தைத் திருப்ப முடியாது.

பிறகு சட்டத்தின் கணக்கு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தில்லியிலோ 15 ஆண்டு கடந்த வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் இட்ட ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025இல் அதே நீதிமன்றம் இதுபற்றி வேறு உத்தரவும் பிறப்பித்தது. ஆகவே, வாங்கும் நாளில் எது சட்டம் என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை. தில்லியில் பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதன் இரகசியம் இதுதான். நாம் பார்த்த வண்டி 2007இல் பதிவானது, ஓராண்டே மிச்சம். அதற்குள் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்று, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், ஆந்திரத்தில் வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவ்வண்டியின் சைலன்சரை மாற்றி, ஸ்பிரிங்குகளையும் குறுக்கியிருந்தார்கள். ஆர்வலர் இதை அழகு என்பர். பதிவின்போது நிறுவனம் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டிலும் வழக்கு எழக்கூடும். ஆகவே, மாற்றிய பாகம் விலையைக் கூட்டுவதில்லை. கழற்றிய பழைய பாகங்களை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தால்தான் கூட்டுகிறது.

மாற்றல் உத்தரவு வந்ததும் அவசரமாக வண்டியை விற்றுவிட்டுப் புறப்படும் நம்மவர்க்கும் ஒரு சொல். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறியதைக் கண்ணால் கண்ட பிறகே நிம்மதி.

மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டு கணக்குச் சொன்னார். டயர்கள் 24,000, கிளட்ச் 22,000, சஸ்பென்ஷன் 35,000, டைமிங் பெல்ட்டும் எண்ணெய் வகையும் 18,000, பிரேக் 15,000. ஆக 1,14,000. இதில் எஞ்சின் வேலை சேரவில்லை, வரியும் சேரவில்லை. "சார், வேகமாய்ப் போவதற்கு இந்த வண்டிக்கு இன்னும் தெம்பிருக்கிறது. நிற்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்" என்றார். பழைய வண்டி மதிப்பீட்டின் முழு சாத்திரமும் இந்த வாக்கியத்தில் அடங்கிவிட்டதாக நமக்குத் தோன்றிற்று. நல்ல நிலையில் உள்ள அதே வகைக் காரின் விலை என்ன? அந்த நிலைக்கு இதைக் கொண்டுவர என்ன செலவு? முன்னதில் பின்னதைக் கழித்தால் மெய்விலை. அந்தக் கணக்கில் வந்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. உரிமையாளர் சிரித்தார், வேறு இருவர் காத்திருப்பதாகச் சொன்னார். நாம் வணக்கம் சொல்லிப் புறப்பட்டோம்.

மருமகனுக்கு வந்த கோபம் சிறிதன்று. "உங்களுக்கு ஆபீஸ் காகிதம்தான் தெரியும் மாமா; வண்டி தெரியாது" என்றான். மூன்று மாதம் பேசவில்லை. தமக்கையாரும் குரலில் சற்று விலகியே இருந்தார். நாம் செய்தது சரிதானா என்ற ஐயம் நம்மையும் சில இரவுகள் வாட்டியது. பிறர் ஆசைக்குக் குறுக்கே நிற்பது எளிதான வேலையா?

பிறகு அவனே வேலூரில் ஒரு லான்சரைக் கண்டுபிடித்தான். நிறம் மங்கியது, முன்கண்ணாடியில் விரிசல், ஓடியது 1,30,000 கிலோமீட்டர். ஆனால் முதல்நாள் தொட்டு வைத்திருந்த பில்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. விலை 95,000. வளையல்களை மீட்டுக்கொடுத்து, மாங்காய்ப் பணத்தில் வாங்கினான். பாகங்களுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்தான். அங்கே கிடைக்காதவற்றை, உடைத்து விற்ற லான்சர்களிலிருந்து சேர்த்தான். முதலில் பிரேக், பிறகு டயர், அதன்பின் சஸ்பென்ஷன், கடைசியாக எஞ்சின்: இதுவே அவன் வைத்துக்கொண்ட வரிசை. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை.

சென்ற விடுமுறையில் வெதுருகுப்பம் சென்றோம். தோப்போரக் கொட்டகையில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்நாளில் எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருந்தது. "இதுதான் மாமா வண்டியின் விலை, நாளை விற்றால் இந்த நோட்டைத்தான் முதலில் காட்டுவேன்" என்றான். ஆபீஸ் காகிதத்தைப் பழித்தவன் வாயிலிருந்து இதைக் கேட்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டோம்.

தமக்கையாரையும் ஏற்றிக்கொண்டு திருப்பதிக்கு ஓட்டினான். முள் அறுபதைத் தாண்டவில்லை. "வேகக் காரை இப்படியா ஓட்டுவது?" என்று கேட்டோம். "வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது மாமா. இங்கே ஆடு மாடு வரும். அம்மா பின்னால் இருக்கிறாள்" என்றான். தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை. வளையல் ஓசை மட்டும் கேட்டது.

திருவள்ளூரில் இன்று அந்த வண்டி உருவாவதில்லை. அங்கிருந்து ஊர் ஊராகப் போனவற்றுள் ஒன்று, பிறந்த இடத்துக்குச் சில மணிப் பயணத் தொலைவில், ஒரு மாந்தோப்பில் மறுவாழ்வு பெற்றிருக்கிறது. பிழைப்புக்காக வெளி மாநிலங்களில் இருக்கும் நேயர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நகரத்து வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி உங்களைக் கேட்பார்கள். மின்னுவதைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விடியற்காலையில் போங்கள், குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள், காகிதத்தைப் படியுங்கள். அந்த வண்டி நிற்பதற்கு என்ன செலவாகும் என்பதைக் கணக்கிட்ட பிறகு, அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்கலாம்.