பிஞ்சுக் கைகளும் முதல் எழுத்தும்
(பாலர் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலர் வகுப்பில் உங்கள் செல்வங்களோடு பொழுதைக் கழிக்கும் எங்களிடம் நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர்த்து ஆறு மாதம் ஆயிற்று, பிள்ளை இன்னும் நோட்டில் ஒரு பக்கம் எழுதவில்லையே?" பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு பக்கம் எழுதிவிட்டதாம்! இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

முதலில் கையைப் பாருங்கள். நம் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை எல்லாம் வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகவே அவை கெட்டிப்படுகின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை பாதிகூட முடிந்திராது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ஐம்பது 'அ' எழுதச் சொன்னால், பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கும், தாளைக் கிழிக்கும், பிறகு எழுத்தையே வெறுக்கும். இப்படி வெறுத்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். நோட்டைக் கண்டாலே கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளும். அதை மீட்டெடுக்க ஓராண்டு போதாது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் எழுதியது மணலில், விரலால். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் இலண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். நம் ஊர் மணல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போயிற்று. நாம்தான் அதை விட்டுவிட்டோம். 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகச் செய்தவர்தாம்.

ஆகவே தாய்மார்களே, வீட்டிலுள்ள முறத்தை எடுங்கள். மணலோ தவிடோ பரப்புங்கள். ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். 'அ'வில் சுழியும் வளைவும் கோடும் சேர்ந்து வருவதால் கைக்கு அது கடினமான எழுத்து. வரிசையில் முதலாவதாக நிற்பதால் எழுதவும் முதலாவதாக வேண்டும் என்பதில்லை. சொல்லப் பழகட்டும், எழுதுவது பிறகு. புளியங்கொட்டைகளை எழுத்தின்மேல் அடுக்கச் சொல்லுங்கள். பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும். இவையெல்லாம் விரலுக்குப் பயிற்சியே. (முந்திரிக்கொட்டை மட்டும் வேண்டாம். அதன் பால் பட்டால் கை புண்ணாகும் என்பதை நம் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.)

"எனக்கே எழுதத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லித் தருவது?" என்று ஒரு தாய் எங்களிடம் கண்கலங்கினார். டியூஷனுக்கு அனுப்பக் கடன் வாங்கலாமா என்றும் கேட்டார். அவரிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "காலையில் வாசலில் கோலம் போடுவது யார்?" புள்ளியைச் சுற்றி வளைத்துக் கை எடுக்காமல் கோடு இழுக்கத் தெரிந்தவருக்கு, பிள்ளையின் கையைப் பழக்கவும் தெரியும். அன்று முதல் தாயும் மகளும் சேர்ந்து கோலம் போட்டார்கள். மகள் 'ய' எழுதியபோது தாயும் எழுதினார். இப்போது வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பதில்லை, கையெழுத்தே போடுகிறார்.

நோட்டுக்கு வரும்போது சில சிறு காரியங்கள். பிள்ளை மடியில் நோட்டை வைத்துக் கூனி எழுதவேண்டாம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் முன்னே ஒரு மணையைப் போடுங்கள். நீளப் பென்சிலைவிடச் சிறு துண்டுப் பலப்பமே மேல். முஷ்டியால் பிடிக்க அதில் இடமில்லை, மூன்று விரல் தானே சேரும். எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதறாதீர்கள். ஆறேழு வயதுவரை அது பலருக்கும் உண்டு.

கொம்பைப்பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். 'கெடு' என்பதற்கும் 'கேடு' என்பதற்கும் வேறுபாடு ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா என்பதே. 'கொடு' 'கோடு' ஆவதும் அப்படியே. பழைய ஓலைகளில் குறிலுக்குத்தான் புள்ளி வைப்பது முறை. ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தவர், நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, வளர்ந்தபின் தமிழ் எழுத்தைக் கற்றவர் அவர். கற்பவர் எங்கே இடறுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும்! பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொம்பைக் கற்பிக்கிறோம், மறப்பதில்லை.

தாத்தா பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, லை, னை, ணா, றா போன்ற 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. உங்களுக்குப் பழகிய தும்பிக்கை 'லை'யைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினால், அவன் பள்ளியில் விழிக்கிறான். அது தவறான எழுத்தல்ல. "நாங்கள் படித்த காலத்து எழுத்து" என்று சொல்லிக் காட்டுங்கள், ஆசையாய்ப் பார்ப்பான்.

இடக்கைப் பிள்ளையின் கையைக் கட்டிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களிடம் வந்த ஒரு சிறுவனின் இடக்கை மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருந்தது. "சோற்றுக்கை பழகட்டும் என்றுதான்" என்றார் தந்தை. சோறு வலக்கையால் உண்ணட்டும், எழுத்து இடக்கையால் வரட்டும். தாளைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்தால் போதும் என்றோம். எழுத்துக்காக விரலில் அடிப்பதும் வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அதைத் தடை செய்திருக்கிறது. வீட்டிலும் அது பொருந்தட்டுமே.

கடைசியாக, எழுதுவதற்கு ஒரு காரணம் கொடுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாவுக்குப் பிள்ளை தன் கையால் கிறுக்கி அனுப்பட்டும். கிறுக்கலில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள், வரிவரியாக வாசித்துக் காட்டும். வருகிற திங்கள் முதல் வகுப்பில் மணல் தட்டு வைக்கிறோம். சலித்த ஆற்றுமணல் வீட்டில் இருப்பவர்கள் ஒரு படி கொடுத்தனுப்புங்கள்.