தொட்டி மீனை எங்கே விடுவது?





போன வாரம் வகுப்பு முடிந்த பிறகு ஒரு அக்கா என்னைக் கேட்டார். "பையன் மீன் தொட்டி கேட்கிறான். அழுக்கு தின்கிற மீன் ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கிப் போட்டால் தொட்டி கழுவ வேண்டாமா?" என்றார். அப்போது பேருந்துக்கு நேரம் ஆகிவிட்டது. இன்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மீன் இருக்கிறது. அதை இங்கே கொண்டு வரத்தான் நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியோடு ஏறினால் கண்டக்டர் இறக்கி விடுவார். அதனால் போனில் படம் கொண்டு வந்திருக்கிறேன். ஒருவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மாவும் தம்பியும் திருப்பதிக்குப் போனார்கள். தம்பி அங்கே ஒரு கடையில் தங்க மீன் இரண்டு வாங்கினான். கூடவே ஒரு கறுப்பு மீன். விரல் நீளம்தான் இருக்கும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கியது. "இது டேங்க் கிளீனர். அழுக்கைத் தின்னும். தீனி போட வேண்டாம்" என்று கடையில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

ஒரு மாதத்தில் அந்த மீன் செத்தது. வயிறு உள்ளே ஒட்டிப் போயிருந்தது. பட்டினி! அழுக்கு தின்னும் என்று சொன்னார்களே தவிர, அது மீன் கழிவைத் தின்னாது. கண்ணாடியில் படிகிற பச்சைப் பாசியைத்தான் சுரண்டித் தின்னும். சின்னத் தொட்டியில் பாசி எவ்வளவு இருக்கும்? இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது என்ன செய்யும்?

தம்பி அழுதான். இன்னொன்று வாங்கினோம். அந்த இரண்டாவது மீன்தான் படத்தில் இருப்பது. இப்போது அது ஒரு முழ நீளம். அளந்து பார்த்தோம். 41 சென்டிமீட்டர்.

இதற்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் சக்கர் மீன். கெளுத்தி இனம்தான். ஆனால் நம் ஏரிக் கெளுத்தி மாதிரி வழவழப்பாக இருக்காது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு. தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும். வாய் முகத்துக்கு முன்னால் இல்லை, அடியில் இருக்கிறது. இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றுப் பக்கம். அங்கிருந்து கண்ணாடித் தொட்டிக்காக உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள்.

கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் உள்ளே பல ஜாதி உண்டு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நீங்கள் இப்போது எண்ணக் கற்றவர்கள். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். அதில் குடைக் கம்பி மாதிரி கதிர்கள் இருக்கும். அவற்றை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால், பன்னிரண்டு, பதிமூன்று என்று வந்தால், அது பெரிதாக வளரும் ஜாதி. படகுப் பாய் மாதிரி துடுப்பு விரியும். நம் ஊர்ப் பக்கம் விற்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது வயிறு. மீன் கண்ணாடியில் ஒட்டும்போது அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். சில மீன்களுக்கு வயிற்றில் தனித்தனிப் புள்ளி இருக்கும். அது ஒரு ஜாதி. சில மீன்களுக்குப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, புழு நெளிந்த மாதிரி கோடு இருக்கும். அது வேறு ஜாதி. எங்கள் மீனுக்குப் பாதி புள்ளி, பாதி கோடு. தொண்டைப் பக்கம் புள்ளி, வால் பக்கம் நெளிகோடு. இப்படி இரண்டும் கலந்திருந்தால் அது கலப்பினமாக இருக்கலாம். வயிற்றை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தைவான் நாட்டில் இப்படிப்பட்ட நடுவான மீன்கள் ஆறுகளில் நிறைய இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குதிரையும் கழுதையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும். அதற்கு வாரிசு கிடையாது. இந்த மீன் அப்படி இல்லை. கலப்பும் பெருகும். அங்கேதான் வம்பு.

வேறு கலப்பினமும் கடையில் உண்டு. சிவப்பு வால் கெளுத்தியையும், மண்வெட்டி மாதிரி தட்டை மூக்கு உள்ள வரிக் கெளுத்தியையும் சேர்த்து, ஊசி போட்டு முட்டை எடுத்து உண்டாக்குகிறார்கள். மூக்கு தட்டை, வால் சிவப்பு, மீசை நீளம். பார்க்க அழகு. தாயும் தகப்பனும் ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிறவை. வாயில் நுழைகிற மீனை எல்லாம் விழுங்கும். அதை வாங்கவே வேண்டாம் என்பேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொன்று. அதை நம் நாட்டில் வளர்க்கத் தடை இருக்கிறது. வளர்க்கும் குட்டைகளை அழிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. அதன் குஞ்சை யாராவது தொட்டிக்கு என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, சக்கர் மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டோம். எப்படி வளர்ப்பது?

முதலில் இடம். குஞ்சாக இருக்கும்போது இரண்டடித் தொட்டி போதும். வளர்ந்த மீனுக்கு நான்கடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். 300 லிட்டர் தண்ணீராவது பிடிக்க வேண்டும். எங்களிடம் அவ்வளவு பெரிய கண்ணாடி வாங்கப் பணம் இல்லை. நைனா கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். புதுச் சிமெண்டு மீனுக்கு ஆகாது. பல தடவை தண்ணீர் நிரப்பி, ஊற வைத்துக் கொட்டிய பிறகுதான் மீனை விட்டோம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். இந்த மீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறோம். கடைசியில் இதற்காகத்தான் அதிகம் சுத்தம் செய்ய வேண்டி வரும். என் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்!

தீனியை இரவில் போடுங்கள். இது இருட்டில் நடமாடும் மீன். வெள்ளரி, பீர்க்கங்காய் வில்லையை லேசாக வேக வைத்து, கல் கட்டி அடியில் விடலாம். மூழ்கும் தீனி வில்லை கடையில் கிடைக்கும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய் துண்டு, சுரண்ட ஒரு பழைய கட்டை போடுங்கள். செம்பு கலந்த மருந்து இதற்கு ஆகாது. மீனை வலையில் பிடிக்காதீர்கள். துடுப்பு முள் வலையில் மாட்டும், கையையும் கிழிக்கும். தண்ணீரோடு டப்பில் ஏற்றி மாற்றுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

மீன் ஒரு சாண் வளர்ந்தபோது, சிமெண்டுத் தொட்டி கட்டும் முன்னால், வீட்டில் ஒரே பேச்சு. "இதை எங்கே வைப்பது?" என் ஆயா சொன்னாள். "பாவம், உயிர். கபில தீர்த்தத்தில் விட்டுவிடலாம். புண்ணியம்." எனக்கும் சரி என்றுதான் பட்டது. பையில் தண்ணீர் ஊற்றி வைத்தாயிற்று.

அன்று என் மாமா வந்தார். ஏரியில் வலை போடுகிறவர். பையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் சைக்கிளில் இருந்த வலையைக் கொண்டு வந்து தரையில் விரித்தார். நடுவில் பெரிய பெரிய ஓட்டை.

"என்ன மாமா இது?" என்றேன்.

"உன் பையில் இருக்கிறதே, அதுதான்" என்றார். "முள் விரித்துக்கொள்ளும். உருவினால் வராது. நைலானை அறுத்துத்தான் எடுக்கணும். ஒரு இழுப்புக்கு நாலு வருது. கெண்டை குறைஞ்சு போச்சு. இதை யாரும் வாங்கவும் மாட்டாங்க. ஓடு உரித்தால் சதை எங்கே இருக்கு?"

ஆயா கேட்டாள். "இது எப்படிடா ஏரிக்கு வந்தது?"

"உன்னை மாதிரி புண்ணியவதி யாரோ விட்டதுதான் அத்தை" என்றார்.

ஆயா அன்று சாப்பிடவில்லை. அவள் மேல் என்ன தப்பு? அவளுக்கு யார் சொன்னார்கள்?

மாமா சொன்னது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. கிருஷ்ணா ஆற்று மீனவர்களும் இதே புகாரைச் சொன்னார்கள். பேய் மீன் என்றே அங்கே செய்தி வந்தது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மீன் இருக்கும் தண்ணீரில் அதன் சளியும் தோல் துகளும் கலந்திருக்கும். மீனைப் பிடிக்காமல், ஒரு குடம் தண்ணீரைச் சோதித்தே அது இருக்கிறதா என்று சொல்லும் முறையை அங்கே கண்டுபிடித்தார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் நூற்றுக்கு அறுபதில் இந்த மீன் பரவிவிட்டது என்று 2024-இல் செய்தி வந்தது.

ஏன் இப்படிப் பரவுகிறது? இது தண்ணீர் கெட்டாலும் சாகாது. மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே மூச்சு விடும். ஈரம் இருந்தால் கரையிலும் பல மணி நேரம் தாங்கும். கரை மண்ணில் நீளமாக வளை தோண்டி முட்டை இடும். ஆண் மீன் வாசலில் காவல் இருக்கும். வளை அதிகமானால் ஏரிக் கரை சரியும். ஓடு இருப்பதால் மற்ற மீன் இதை எளிதில் தின்னாது.

நம் சித்தூர் நீவா ஆற்றில் ஒன்றை விட்டால் அது பொன்னை ஆற்றுக்குப் போகும். அங்கிருந்து பாலாறு. அதாவது வேலூர்க்காரர்களுக்கும் போகும். திருப்பதிப் பக்கம் சுவர்ணமுகியில் விட்டால் காளஹஸ்தி வரை போகும்.

வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பலர் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். குளம், ஏரி, கிணறு, சாக்கடை எதிலும் விடாதீர்கள். செத்த மீனைக் கூட மண்ணில் புதையுங்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு ஒன்று சொல்கிறேன். பையனுக்கு கப்பி மீன் வாங்கிக் கொடுங்கள். விரல் நீளத்துக்கு மேல் வளராது. ஆனால் அதையும் குளத்தில் விடக் கூடாது. கண்ணாடியில் பாசி பிடித்தால் பழைய துணியால் துடைக்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.

எங்கள் மீன் கொல்லைத் தொட்டியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இருட்டிய பிறகு வந்தால் வெளியே வரும். பீர்க்கங்காய் போடுவது இப்போது ஆயாவின் வேலை.